டீச்சர் என்று பெயர் வைத்த குடுவை

"இம்மாம் படிப்பு படிச்சிட்டு, கடைசீல கண்டவங்க மூத்தரத்த டப்பாவுல புட்சிகினு கீறியே, இன்னாடி பொயப்பு இது?"

இதைக் கேட்டது என் அத்தை. கோவளத்துக்கு இந்தப் பக்கம் கடலோரக் குப்பத்தில் எங்கள் வீடு. அத்தையும் அம்மாவும் மீன் விற்பவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். எம்.எஸ்ஸி. முடித்து, தாம்பரத்தில் இந்த ஆய்வகத்தில் வேலை கிடைத்ததும் அம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு, கிட்னி நோய்க்கு ஆராய்ச்சி செய்கிறாள் என்று சொன்னாள். அதை எப்படிச் செய்கிறேன் என்று அத்தை விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்ட அன்றுதான் மேலே உள்ள கேள்வி வந்தது. அதைக் கேட்டு வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது உள்ளே தைத்துவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

இந்த வாரம் நீங்கள் நான்கு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். எனக்கு இங்கே எட்டு வருடம் ஆகிறது. சொட்டு அளக்கும் பைப்பெட்டைப் பிடிப்பது, இன்குபேட்டர் கதவை எவ்வளவு நேரம் திறந்து வைக்கலாம் என்பது, எந்தப் பாட்டிலை எங்கே வைப்பது, இதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நானும் தருவேன். குடுவைக்குள் பூஞ்சை வந்தால் பயப்படாதீர்கள். எல்லோருக்கும் வந்திருக்கிறது. வந்தால் லேப் மொத்தமும் கூடிவிடும். யார் கை, எந்தப் பாட்டில், எந்த நாள் என்று அலசி எடுத்துவிடுவோம். அந்தத் தப்புக்கெல்லாம் ஒரு நோட்டு இருக்கிறது. நான் செய்த பெரிய தப்பு அந்த நோட்டில் இல்லை. அது கையால் செய்தது இல்லை, வாயால் செய்தது. அதனால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன்.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். சிறுநீரகத்தின் உட்சுவரிலிருந்து கொஞ்சம் செல்கள் உதிர்ந்து சிறுநீரோடு வெளியே வரும். அதில் சில உயிரோடு இருக்கும். அவற்றைப் பிடித்து, குடுவையில் வைத்து, மீடியம் என்கிற ஊட்டத் திரவம் கொடுத்தால் வளரும். எந்த மருந்து அந்தச் செல்களைக் காக்கிறது, எது கெடுக்கிறது என்று பார்க்கிறோம். அவ்வளவுதான். மாற்றுச் சிறுநீரகம் செய்வது நம் வேலை இல்லை. ஆனால் நம் கதவில் 'மறுவளர்ச்சி மருத்துவ ஆய்வுப் பிரிவு' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அதைப் படிக்கிறவர்கள் எதை நினைப்பார்கள் என்று நாங்கள் யாரும் யோசித்தது கிடையாது.

சிறுநீரில் அந்தச் செல்கள் அதிக நேரம் தாங்காது. ஆகவே பங்கேற்பாளர்களின் வீட்டுக்கே போய், ஐஸ் பெட்டியில் வைத்து, உடனே கொண்டுவர வேண்டும். பன்னிரண்டு பேர் இருந்தார்கள். வண்டலூர், கூடுவாஞ்சேரி, முடிச்சூர், செம்பாக்கம் என்று சுற்றிலும். நான்தான் ஸ்கூட்டியில் போவேன். வாரத்தில் மூன்று நாள் காலையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஐஸ் பெட்டியோடு லாரிகளுக்கு நடுவே ஒரு பெண் போவதைப் பார்த்திருந்தால், அது நான்.

குடுவைகளில் எண்தான் எழுதியிருக்கும். பெயர் எழுதக் கூடாது என்பது விதி. ஆனால் எண்ணைச் சொல்லி யார் பேசுவார்கள்? எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு குடுவையையும் அதன் சொந்தக்காரரின் அடையாளத்தால் கூப்பிடுவோம்.

"வண்டலூர் அண்ணன் ரெண்டு நாளா டல்லா இருக்காரு."

"செம்பாக்கம் ஆன்ட்டிக்கு மீடியம் மாத்து, பசியில கத்துறாங்க."

"தாத்தா படுத்துட்டாருப்பா, பொழைக்க மாட்டாரு."

வெளியாள் கேட்டால் இது மருத்துவமனை வார்டு என்று நினைப்பார். எங்களுக்கு அது விளையாட்டு இல்லை. ஒரு விதமான பிரியம். முகம் தெரிந்தவர்களின் செல்லை வெறும் எண்ணாகப் பார்க்க மனம் வரவில்லை. இதில் தப்பு இருக்கிறது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

எங்கள் பன்னிரண்டில் மிக நன்றாக வளர்ந்தது 'டீச்சர்'.

டீச்சர் முடிச்சூரில் இருந்தார். பெயர் வேண்டாம். நாற்பதை நெருங்கும் வயது. ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் பாடம் எடுப்பவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட, தம்பியைத் தானே படிக்கவைத்து ஆளாக்கியவர். தம்பி அதே ஊரில் ஏசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். மனைவி, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். டீச்சரின் இரண்டு சிறுநீரகங்களும் மெல்லச் சுருங்கிக்கொண்டு வந்தன. டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. ஆனால் அதற்கு அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நான் போகும்போதெல்லாம் சாம்பிளைத் தயாராக வைத்திருப்பார். கூடவே ஏதாவது கேட்பார். வகுப்பில் கேள்வி கேட்டுப் பழகியவர் அல்லவா. இந்த ஊட்டத்தில் என்ன இருக்கிறது, ஏன் உடம்புச் சூட்டிலேயே வைக்க வேண்டும், செல் எப்படி ஒட்டுகிறது. நான் சொல்லச் சொல்ல முகம் மலரும். ஒருநாள் கேட்டார்:

"என்னோடது தேறுமா மா? இல்ல, ஃபெயிலா?"

"டீச்சர், உங்களோடதுதான் கிளாஸ் ஃபர்ஸ்ட். சூப்பரா வளருது."

அவர் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் ஸ்கேனில் 'இன்னும் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது' என்று மட்டுமே கேட்டு வந்தவருக்கு முதல்முறையாக ஒருத்தி 'வளருது' என்கிறாள். அன்று முதல் போகும்போதெல்லாம் அதைச் சொன்னேன். கேட்காவிட்டாலும் சொன்னேன். நல்லா வளருது டீச்சர். இந்த வாரம் இன்னும் நல்லா வளருது டீச்சர்.

பிறகு ஒருநாள் டாக்டரைப் பார்க்க லேபுக்குப் பக்கத்து மருத்துவமனைக்கு வந்தவரை லேபுக்கு அழைத்துவந்தேன். மைக்ரோஸ்கோப்பில் அவருடைய குடுவையை வைத்துக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். கல் பாவிய தரை போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிறைந்திருக்கும் அந்தச் செல்கள். நீண்ட நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது கண் ஈரமாக இருந்தது.

"இது நான்தானா?"

"நீங்கதான் டீச்சர்."

"இன்னும் வளருமா?"

"நிறுத்த முடியாது, அப்படி வளரும்."

அதைப் படம் எடுத்து, பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். டீச்சர் அதைப் பைபிளுக்குள் வைத்துக் கைப்பையில் பத்திரப்படுத்தினார். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குச் சிறகு முளைத்த மாதிரி இருந்தது. என் வேலையை ஒருவர் இப்படிக் கண்கலங்கிப் பார்த்தது அதுவே முதல் தடவை.

நான்கு மாதம் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், டீச்சரின் தம்பி லேபுக்கு வந்தார். கையில் ஒரு பை நிறைய ஆப்பிள். அவரை வீட்டில் இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். வாசலில் நின்றபடியே தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சிஸ்டர், தொந்தரவுக்கு மன்னிக்கணும். கிட்னி எப்ப ரெடியாகும்? ஒரு உத்தேசமா சொன்னா போதும்."

"எந்தக் கிட்னி?"

"அக்காவோடதுதான். நீங்க வளர்க்குறீங்கல்ல."

அவரே தொடர்ந்தார்.

"என் கிட்னியைக் குடுக்குறேன்னு சொல்லி டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு சிஸ்டர். பொருந்துது. டயாலிசிஸ் போறதுக்கு முன்னாடியே வச்சிட்டா நல்லதுன்னு டாக்டர் தேதியும் குடுத்துட்டாரு. போன வாரம் அக்கா போய் கேன்சல் பண்ணிட்டு வந்துட்டாங்க. கேட்டா, 'லேப்ல என்னோடது வளருது, உன் உடம்புல ஏன்டா கத்தி வைக்கணும், கொஞ்ச மாசம் பொறு'ன்றாங்க. எனக்கு சந்தோஷம்தான். ஆனா அக்காவுக்குக் கால் வீங்கிட்டே வருது. வாந்தி எடுக்குறாங்க. அதான், எத்தனை மாசம்னு தெரிஞ்சா, அதுவரைக்கும் எப்படியாவது சமாளிச்சுடலாம்னு..."

ஆப்பிள் பையை மேசையில் வைத்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நண்பர்களே, பூஞ்சை வந்த குடுவையைத் தூக்கி எறிந்துவிடலாம். இதை என்ன செய்வது? அவரிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். உடனே இன்னொன்று தோன்றியது. இவரிடம் சொன்னால், இவர் போய் அக்காவிடம் சொல்வார். தம்பி தன் சிறுநீரகத்தைக் கொடுக்கத் துடிப்பதால் இப்படிச் சொல்கிறான் என்றே டீச்சர் நினைப்பார். நம்ப மாட்டார். ஆகவே, "நான் வீட்டுக்கு வந்து பேசுறேன் அண்ணா. இந்த வாரமே" என்று மட்டும் சொன்னேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அந்தச் சந்தோஷத்தைப் பார்ப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

நேராக எங்கள் தலைமை விஞ்ஞானியின் அறைக்குப் போனேன். நாங்கள் மேடம் என்று கூப்பிடுபவர். போன மாதம்தான் ஓய்வு பெற்றார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். குடுவைக்குப் பெயர் வைத்தது, வாராவாரம் சொன்னது, மைக்ரோஸ்கோப், படம், எல்லாம். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. டாக்டருக்கு உடனே போன் செய்தார். ஆய்வில் பங்கேற்பவர்களின் நலனைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கு என்ன நடந்ததென்று என்னையே எழுதவைத்தார். பிறகு சொன்னார்:

"டாக்டர் சொன்னா, டாக்டருக்கு லேப் பத்தித் தெரியலன்னு அவங்க நினைப்பாங்க. நீ சொன்னதை நீதான் போய் இல்லன்னு சொல்லணும். நானும் வரேன். ஆனா நான் பேச மாட்டேன்."

சனிக்கிழமை மதியம் இருவரும் முடிச்சூர் போனோம். டீச்சர் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கால் வீக்கம் தெரியாமல் இருக்க ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார். தம்பி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். மேடத்தைப் பார்த்ததும் டீச்சருக்குப் பெருமை.

"பெரிய மேடமே வந்திருக்காங்க! டேய், போய் ஜூஸ் வாங்கிட்டு வா."

"ஒண்ணும் வேணாம் டீச்சர். நான் உங்ககிட்ட ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"என்ன, சாம்பிள் கொட்டிப்போச்சா? போனா போகுது, நாளைக்குத் தரேன்."

"இல்ல டீச்சர். எங்க லேப்ல வளர்றது கிட்னி இல்ல."

நான் முன்பே எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். ஒரு வரி கூட ஞாபகம் வரவில்லை. வந்ததைச் சொன்னேன்.

"பால் காய்ச்சினா மேல ஆடை படியும்ல டீச்சர், அதைவிட மெல்லிசா, குடுவையோட அடியில ஒட்டிக்கிட்டு இருக்கும். அவ்வளவுதான். அதுல ரத்தக் குழாய் கிடையாது. அது மூத்திரம் பிரிக்காது. மருந்தைப் போட்டு என்ன ஆகுதுன்னு பார்க்கத்தான் அதை வச்சிருக்கோம். உங்க உடம்புக்குள்ள அதை வைக்கவே மாட்டோம்."

"இப்ப வைக்க மாட்டீங்க. சரி. இன்னும் கொஞ்ச நாள் போனா?"

நீங்கள் இந்த வேலையில் இருக்கும்வரை இந்தக் கேள்வி உங்களைத் துரத்திக்கொண்டே இருக்கும். இதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. உலகத்தில் எங்கெங்கோ இதற்காக உழைக்கிறார்கள், ஒருநாள் நடக்கலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. மேடைகளில் நாம் சொல்வது அதைத்தான். அதைச் சொல்லியிருந்தால் டீச்சரின் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும். நானும் மூச்சு விட்டிருப்பேன். ஆனால் கால் வீங்கி உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மனுஷிக்கு, அந்த ஒரு மதியத்தில், அந்த உண்மை பொய்யாகத்தான் போய்ச் சேரும். 'நடக்கலாம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் இன்னும் ஆறு மாதம் காத்திருப்பார். மேடத்தைப் பார்த்தேன். சொன்னபடியே அவர் வாயைத் திறக்கவில்லை.

"உங்களுக்கு இல்ல டீச்சர்" என்றேன். "உங்களுக்கு அது ஆகாது. எவ்வளவு நாள் போனாலும்."

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி, விடைத்தாள்களின் மேல் வைத்தார்.

"அப்ப ஏன் மா அப்படிச் சொன்ன?"

மழுப்ப ஒன்றும் இல்லை. அத்தை கேட்டதைச் சொன்னேன். வீட்டில் எல்லோரும் சிரித்ததைச் சொன்னேன். "நீங்கதான் டீச்சர், என் வேலையை முதல் தடவையா ஒரு வேலைன்னு பார்த்தவங்க. உங்க முகம் அப்படி மலரும். அதைப் பார்க்கணும்னே சொல்லிச் சொல்லி... உங்களுக்காகச் சொல்றேன்னு நினைச்சுக்கிட்டு எனக்காகச் சொல்லியிருக்கேன்."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான் எட்டாம் கிளாஸுக்கு சயின்ஸ் எடுக்கிறவ. செல்லு, திசு, உறுப்புன்னு வருஷா வருஷம் போர்டுல படம் போட்டுச் சொல்றவ. குடுவையில இருக்கிறது கிட்னி ஆகாதுன்னு எனக்குத் தெரியாதுன்னா நினைக்கிற?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"தெரியும். முதல் நாளே தெரியும். ஆனா நீ வாராவாரம் வந்து வளருது வளருதுன்னு சொன்னியா, சரி, நமக்குத் தெரிஞ்சதைவிட இந்தப் பொண்ணுக்குத் தெரியும்னு விட்டுட்டேன். எனக்கு அது வேண்டியிருந்துச்சு மா. இவனை வேணாம்னு சொல்ல ஒரு காரணம் வேணும்ல. சும்மா வேணாம்னா விடுவானா? இவனுக்கு மூணு வயசுப் புள்ள இருக்கு. நான் தூக்கி வளர்த்தவன்கிட்ட இருந்து நானே எப்படி எடுத்துக்குவேன்?"

"அக்கா," என்றார் தம்பி. "நான் ஒண்ணும் சும்மா குடுக்கல. பாப்பாவை எல்.கே.ஜி.யில விட்டு, ஹோம்வொர்க் சொல்லிக்குடுக்க ஆள் வேணும். எனக்கு ஏபிசிடியே தகராறு."

"போடா" என்றார் டீச்சர். குரல் உடைந்துவிட்டது. அழுதார். குழந்தை இறங்கிப்போய் டீச்சரின் கால் மேல் கிடந்த துண்டை இழுத்து விளையாடியது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு டீச்சர் என்னிடம் சொன்னார்:

"அதை அழிச்சிடு மா."

"எதை டீச்சர்?"

"என் செல்லை. அது அங்க உயிரோட இருக்கிற வரைக்கும், இன்னும் கொஞ்சம் பார்ப்போம், இன்னும் கொஞ்சம் பார்ப்போம்னு நான் இழுத்துக்கிட்டேதான் இருப்பேன். என்னை எனக்குத் தெரியும். அதை அழிச்சுட்டேன்னு நீ சொல்லு. அப்புறம் டாக்டர்கிட்ட போறேன்."

அந்தக் குடுவையிலிருந்து வந்த செல்கள்தான் எங்கள் ஆய்வின் பாதி பலம். வேறு எவருடையதும் அப்படி வளரவில்லை. திரவ நைட்ரஜனில் எட்டுக் குப்பி உறையவைத்திருந்தோம். எவ்வளவு வேலை போகும் என்று மேடத்துக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் எந்தப் பங்கேற்பாளரும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் கூடச் சொல்லத் தேவையில்லை. அந்த மதியம் முழுக்கப் பேசாமல் இருந்த மேடம் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"உங்க இஷ்டம்தான் டீச்சர். ஒரு கையெழுத்து மட்டும் போடணும்."

டீச்சர் பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"நீல மை வேணும்" என்றார் மேடம். "சிவப்புல போட்டா எங்களுக்கு மார்க் போட்ட மாதிரி ஆயிடும்."

டீச்சர் அழுத முகத்தோடு சிரித்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை, குடுவைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊட்டத்தை வடித்துவிட்டு ப்ளீச் ஊற்றினேன். கடைசியாக ஒன்றை மட்டும் ஊற்றுவதற்கு முன் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். விளிம்பு வரை நிறைந்து, அழகாக இருந்தது. உறைந்த எட்டுக் குப்பிகளையும் எடுத்து வந்து, உருகவிட்டு, அதே மாதிரி செய்தேன். பக்கத்து மேசையில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் மெதுவாகக் கேட்டார்:

"டீச்சர் போயிட்டாங்களா?"

"டீச்சர் ஆபரேஷனுக்குப் போறாங்க அண்ணா. இது செல்" என்றேன்.

அன்றோடு குடுவைகளுக்குப் பெயர் வைப்பதை நிறுத்திவிட்டோம். இன்று நீங்கள் எண்ணை மட்டும் சொல்லக் கேட்டு, இவர்கள் ஏன் இப்படி வறட்சியாகப் பேசுகிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். பிரியம் குறைந்துவிட்டதால் இல்லை. பிரியத்தைக் குடுவையிடமிருந்து எடுத்து ஆளிடம் வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

வேலை முடிந்ததும் டீச்சருக்குப் போன் செய்தேன்.

"முடிஞ்சுது டீச்சர்."

"எல்லாமேவா? ஃப்ரீசர்ல இருந்ததுமா?"

"எல்லாமே."

"சரி மா" என்று வைத்துவிட்டார். மாலையில் தம்பியிடமிருந்து குறுஞ்செய்தி. 'அக்கா ஓகே சொல்லிட்டாங்க. டாக்டர் திரும்பத் தேதி குடுத்திருக்காரு.'

அறுவை சிகிச்சை நடந்த அன்று நான் லேபில் ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை. அளவை மாற்றி ஊற்றி, இரண்டு தடவை முதலிலிருந்து தொடங்கினேன். ஐந்து மணிக்குத் தகவல் வந்தது. தம்பியின் சிறுநீரகத்தை வைத்து, ரத்தக் குழாய்களை இணைத்துக் ரத்தத்தை அடைத்திருந்த கிடுக்கியை எடுத்ததுமே ஆபரேஷன் மேசையிலேயே சிறுநீர் வரத் தொடங்கியதாம். தாம்பரம் ரயில் நிலையப் படிக்கட்டில் நின்று அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, வருகிற போகிறவர்கள் பார்க்க அழுதேன்.

பத்து நாள் கழித்து டீச்சரே கூப்பிட்டார். குரலில் தெம்பு இருந்தது.

"எப்படி டீச்சர் இருக்கீங்க? தம்பி?"

"அவனுக்கு என்ன, தையல் வலிக்குதுன்னு அழுதுக்கிட்டே நாலு தோசை சாப்பிடுறான். நான் ஒரு டவுட் கேட்கக் கூப்பிட்டேன். இப்ப என் மூத்திரத்துல வர்ற செல்லு யாரோடது? என்னோடதா, அவனோடதா?"

"பெரும்பாலும் அவரோடது டீச்சர்."

"பார்த்தியா. வாழ்க்கை பூரா அவனுக்கு நான் கழுவி விட்டேன், இப்ப அவன் எனக்குச் செய்றான்." நன்றாகச் சிரித்தார். தையல் இழுத்திருக்க வேண்டும், ஐயோ என்று நிறுத்தினார். பிறகு குரல் மாறியது.

"ஏம்மா, மத்தவங்களுக்கும் சொல்லிட்டியா?"

"எந்த மத்தவங்க?"

"என்கிட்ட மட்டுமா வளருது வளருதுன்னு சொன்ன? இன்னும் பதினோரு பேர் இருக்காங்கன்னு சொன்னியே. நானாவது தெரிஞ்சுக்கிட்டே நம்பினேன். நிஜமாவே நம்புறவங்க இருந்தா?"

போனை வைத்த பிறகு வெகுநேரம் ஐஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவரிடம் சொல்லிவிட்டதால் தப்பு சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். வண்டலூரில், செம்பாக்கத்தில், கூடுவாஞ்சேரியில் எந்தெந்த வீட்டில் எந்தெந்த அக்காவும் அப்பாவும் யாருடைய சிறுநீரகத்தை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ?

மறுநாளே நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்டு எழுதினேன். கிடைத்தது. சாம்பிள் எடுக்க இல்லை, பேச மட்டும். ஐஸ் பெட்டி இல்லாமல் அந்த வீடுகளுக்குப் போனது அதுதான் முதல் தடவை. இதுவரை ஏழு வீடு முடிந்திருக்கிறது. வண்டலூர் அண்ணன் சிரித்தார்: "அதெல்லாம் தெரியும் மா. நீ வந்தா பேச்சுத்துணைக்கு ஒரு ஆளுன்னுதான் குடுத்துக்கிட்டு இருந்தேன்." செம்பாக்கத்தில் அந்த அம்மா கேட்டுவிட்டு எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார். அதைக் குடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் குடித்தேன். இருவர் விலகிவிட்டார்கள். இன்னும் இருவர், உண்மை தெரிந்த பிறகுதான் மனதாரக் கொடுக்கிறோம் என்றார்கள்.

நேற்று மாலை எட்டாவது வீடு, கூடுவாஞ்சேரியில். புது மனைப்பிரிவில் கடைசித் தெரு. அழைப்பு மணியை அடித்தேன். எழுபது வயதுப் பெரியவர் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும், டிவி சத்தத்தை மீறிச் சமையலறையில் இருந்த மனைவிக்குக் கேட்கும்படி, லேப் பொண்ணு வந்திருக்கு என்று சத்தம் போட்டார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"வாம்மா, வா. என் கிட்னி இப்ப எவ்ளோ பெருசாச்சு?"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவருக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"டிவியை நிறுத்துங்கப்பா. அம்மாவையும் கூப்பிடுங்க" என்றேன்.